லாரியில் ஏறிய சரக்கு கடைக்கு வந்து சேரும் வரை

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்த சமயம். விருதுநகரிலிருந்து துவரம்பருப்பு இருபது மூட்டை வரவழைத்திருந்தேன். லாரி ஆபீஸிலிருந்து குட்டி யானை வண்டியில் ஏற்றி, நங்கநல்லூர் கடை வாசலுக்கு வந்தபோது காலை ஏழு மணி. கடையில் பால் வாங்கவும் காபித்தூள் வாங்கவும் கூட்டம். மூட்டைகளை எண்ணினேன், இருபது இருந்தன. டிரைவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு மூட்டையைத் தூக்கிய பையன், "அண்ணாச்சி, இது லேசா இருக்கே" என்றான். எடை போட்டால் ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று. மற்றதையும் போட்டுப் பார்த்ததில் இன்னொன்றில் ஆறு கிலோ குறைவு. அப்புறம்தான் கண்ணில் பட்டது. மில்லில் போட்ட மெஷின் தையல் வெள்ளை நூல். இந்த இரண்டு மூட்டையின் மூலையில் மட்டும் கையால் தைத்த சணல். லாரி ஆபீஸுக்குப் போனேன். "எண்ணிக்கை சரி, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் இருக்கிறது, நாங்கள் என்ன செய்ய?" என்றார்கள். சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

பதின்மூன்று கிலோதானே என்று தோன்றும். பருப்பில் செலவு போக நமக்கு நிற்பது நூற்றுக்கு இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை போனால், நாற்பது மூட்டை விற்ற லாபம் போனதாகக் கணக்கு. மளிகைக் கடைக்காரனுக்குக் கல்லாவில் திருடு போனால் அன்றைக்கே தெரியும். வழியில் திருடு போனால் வருஷக் கடைசியில் சரக்கு இருப்பு எடுக்கும்போது, "எங்கே போச்சு?" என்று தலையைச் சொறிகிறோம்.

பெரிய திருட்டு, சின்னத் திருட்டு

பத்திரிகையில் வருவதெல்லாம் பெரிய திருட்டு. 2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து எழும்பூருக்குப் புறப்பட்ட ரயிலில், ரிசர்வ் வங்கிக்கு அனுப்பிய பழைய நோட்டுகள் 342 கோடி ரூபாய் பெட்டி பெட்டியாக வந்தன. போலீஸ் காவலும் உடன் வந்தது. சென்னையில் திறந்து பார்த்தால் பெட்டியின் கூரையில் ஆள் இறங்கும் அளவுக்கு ஓட்டை. ஐந்தே முக்கால் கோடிக்கு மேல் காணவில்லை. சேலத்திலிருந்து விருத்தாசலம் வரை அப்போது மின்பாதை கிடையாது. தலைக்கு மேல் கம்பி இல்லாத அந்தத் தூரத்தைக் கூட்டம் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2018-ல்தான் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கும்பல் பிடிபட்டது. 2020 அக்டோபரில் சென்னைப் பக்கத்திலிருந்து மும்பைக்குப் போன செல்போன் லாரியைச் சூளகிரி அருகே மடக்கி, டிரைவர்களை அடித்துப் போட்டுவிட்டு, சுமார் 15 கோடி ரூபாய்ச் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டு போனார்கள்.

இரண்டிலும் நமக்குத் தெரிவது ஒன்று. என்ன சரக்கு, எந்த வண்டி, எந்த நேரம் என்ற தகவல் முதலில் வெளியே போகிறது. சரக்கு பிறகுதான் போகிறது. நம் சரக்குக்கு யாரும் துப்பாக்கி தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். ஆனால் போடியிலிருந்து ஏலக்காய், பண்ருட்டியிலிருந்து முந்திரி என்று வரும்போது மூட்டையின் மேலேயே சரக்கின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடைப் பெயரும் எண்ணும் போதும். உள்ளே இருப்பதைப் பில் சொல்லும். "நாளைக்கு நாலு லட்சத்துக்குச் சரக்கு இறங்குது" என்று டீக்கடையில் சொல்வதும் இதே கணக்கில்தான் சேரும்.

சில்லறைத் திருட்டு நடக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, வண்டி மாற்றும் இடம். நேராக வருகிறது என்று நாம் நினைக்கும் பார்சல், வழியில் ஒரு கிட்டங்கியில் இறங்கி வேறு லாரியில் ஏறுகிறது. இரண்டு, டெலிவரி எடுக்காமல் லாரி ஆபீஸ் கிட்டங்கியில் கிடக்கும் நாட்கள். மூன்றாவது நம் தெருதான். நங்கநல்லூருக்குள் பெரிய லாரி வந்து நின்று இறக்க வசதி இல்லை. கோயம்பேட்டிலோ கொத்தவால் சாவடிப் பக்கத்திலோ ஏற்றிய சின்ன வண்டி, விடியற்காலையில் நாலாவது மெயின் ரோட்டில் கடைக்குக் கடை நின்று இறக்கிக்கொண்டே வருகிறது. டிரைவர் ஒரே ஆள். அவர் ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சந்துக்குள் போனால், திரும்பி வரும்வரை வண்டி திறந்தே கிடக்கிறது. ஷட்டர் திறக்குமுன் வாசலில் எண்ணெய் டின்னை அடுக்கிவிட்டுப் போகச் சொல்லும் வழக்கமும் நம்மில் பலருக்கு உண்டு. காணாமல் போனால் டிரைவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அப்படிச் சொன்னது நாம்தான்.

கையெழுத்துக்கு முன்

இறக்கும்போதே எடை போடுவதுதான் மருந்து. எல்லா மூட்டையையும் போட நேரமில்லை என்றால் பத்துக்கு இரண்டு போடுங்கள். கூடவே எல்லா மூட்டையின் நாலு மூலையையும் தையலையும் கண்ணால் பாருங்கள். கொக்கி பட்ட ஓட்டையா, குத்தூசி பட்ட ஓட்டையா, பிரித்துத் தைத்ததா என்று பழகிய கைக்குத் தெரியும். அனுப்புகிறவரிடம் ஒரே நிற நூலில் தைக்கச் சொல்லி, அந்த நிறத்தைப் பில்லில் எழுதச் சொல்லிவிட்டால் வேலை பாதி முடிந்தது. இதற்கு ஒரு காசு செலவில்லை. என் கடைக்கு இப்போது அப்படித்தான் வருகிறது.

குறைவு தெரிந்தால், லாரி ஆபீஸ் பிரதியிலேயே எழுத வேண்டும்: இத்தனை மூட்டை, இன்ன எண், இன்ன எடை, தையல் பிரிந்தது என்று. டிரைவர் கையெழுத்தும் வாங்குங்கள். மறுத்தால், மறுத்ததையும் எழுதி, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேதம் பெரிதாக இருந்தால், லாரி ஆபீஸ் ஆள் முன்னிலையில் பிரித்து எடை போட்டு எடுக்கும் 'ஓப்பன் டெலிவரி' கேளுங்கள். மிளகாய் வற்றல், புளி, வெல்லம் இவற்றில் காய்ச்சலால் எடை குறைவது இயற்கை. அதைத் திருட்டோடு சேர்த்துச் சண்டை போட்டால் உண்மையான குறைவைச் சொல்லும்போது யாரும் நம்பமாட்டார்கள்.

சட்டம் நமக்கு என்ன தருகிறது

1865-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வந்து, 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி பதிவுச் சான்று இல்லாமல் யாரும் லாரி ஆபீஸ் தொழில் நடத்தக் கூடாது. புதிய ஆபீஸில் புக்கிங் செய்யுமுன் அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. சரக்கு குறைந்தாலோ கெட்டாலோ, லாரிக்காரரின் கவனக்குறைவு என்று நாம் நிரூபிக்கத் தேவையில்லை. இயற்கைச் சீற்றம், போர், கலவரம் போன்ற சில காரணங்களில் அவருக்கு விலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் திருட்டு இல்லை. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "ஓனர்ஸ் ரிஸ்க்" என்று அச்சடித்திருப்பதைக் காட்டினால் பயந்துவிட வேண்டாம்.

ஆனால் இரண்டு கண்ணி இருக்கிறது. முதலாவது, பொறுப்பின் அளவு. சாதாரண புக்கிங்கில் நஷ்ட ஈடு வாடகையின் பத்து மடங்குக்கு மேல் போகாது என்று 2011 விதிகள் சொல்கின்றன. அதுவும் நாம் எழுதிக் கொடுத்த சரக்கு மதிப்பைத் தாண்டாது. ஒரு மூட்டைக்கு வாடகை 120 ரூபாய் என்றால் கேட்கக்கூடியது 1,200 ரூபாய். உள்ளே இருந்தது சீரகமாக இருந்தாலும் அவ்வளவுதான். அதிகப் பொறுப்பு வேண்டுமென்றால், புக்கிங்கின்போதே கூடுதல் கட்டணம் செலுத்தி எழுத்தில் வாங்க வேண்டும். செலவைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதும் பழக்கம் நம்மில் இருக்கிறது. மிச்சம் பிடித்தது சில ரூபாய், போவது மூட்டை.

இரண்டாவது, காலக்கெடு. புக்கிங் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் லாரி நிறுவனத்துக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கே போட முடியாது. பழைய சட்டத்தில் நஷ்டம் நமக்குத் தெரிந்த நாளிலிருந்து ஆறு மாதம் இருந்தது. இப்போது புக்கிங் தேதியிலிருந்தே ஓடுகிறது. "பார்த்துச் சொல்றோம், மேனேஜர் ஊருக்குப் போயிருக்கார்" என்ற பதிலிலேயே ஆறு மாதம் கரைந்துவிடும். முதல் வாரத்திலேயே தபாலில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

வழியில் போனது யார் தலையில் விடியும் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. 1930-ம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வேறு பேச்சு இல்லாவிட்டால், விற்பவர் லாரியில் ஏற்றிக் கொடுத்ததே வாங்குபவருக்குக் கொடுத்ததாகக் கருதப்படும். மில்காரர் "நான் ஏற்றிவிட்டேன், பணம் அனுப்புங்கள்" என்பது சட்டப்படி சரிதான். கடையில் இறங்கிய எடைக்குத்தான் பணம் என்றால் ஆர்டரிலேயே அப்படி எழுத வேண்டும்.

போலீஸ் விஷயம். 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், போக்குவரத்து வாகனத்திலிருந்து சரக்கைத் திருடுவதற்கு ஏழு வருஷம் வரை தண்டனை. சரக்கை நம்பி ஒப்படைத்த லாரிக்காரரே மோசம் செய்தாலும் ஏழு வருஷம் வரை. "எங்கே திருடு போச்சுன்னு தெரியாம எங்க ஸ்டேஷன்ல எப்படி எழுதறது?" என்ற பதிலுக்கும் இப்போது இடமில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது.

இன்ஷூரன்ஸும் ஜி.எஸ்.டி.யும்

சரக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தேன் என்பவரிடம் எந்தப் பிரிவு என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். உள்நாட்டுப் போக்குவரத்துப் பாலிசியில் மூன்று பிரிவு. 'சி'யில் தீயும் இடியும் மட்டும். 'பி'யில் அதோடு வண்டி கவிழ்தல், மோதல் போன்றவை. திருட்டும் குறைவும் சேர்ந்து வருவது 'ஏ'யில்தான். பிரீமியம் குறைவு என்று 'பி'யை எடுத்துவிட்டு, மூட்டை காணோம் என்று கிளெய்ம் போட்டால் கிடைக்காது. 'ஏ'யிலும் இயற்கையான எடைக் குறைவு, மோசமான பேக்கிங், தாமதம் இவற்றுக்குப் பணம் இல்லை. இன்னொன்று: லாரி ஊருக்கு வந்து ஏழு நாள் கழிந்தால் பாதுகாப்பு முடிந்துவிடும். கிட்டங்கி நிரம்பியிருக்கிறது என்று சரக்கை லாரி ஆபீஸிலேயே இரண்டு வாரம் போட்டு வைப்பவர்கள் கவனிக்க.

இன்ஷூரன்ஸ் இருந்தாலும் லாரி நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும். நமக்குப் பணம் தந்த கம்பெனி பிறகு லாரிக்காரரிடம் வசூலிக்கும் உரிமை அதில்தான் நிற்கிறது. அதை நாம் கெடுத்தால் நம் கிளெய்மில் கை வைப்பார்கள். 1995-ல் கல்கத்தாவுக்குப் போன நூல் லாரி விபத்துக்குள்ளாகி, சரண் ஸ்பின்னிங் மில்ஸ் திண்டுக்கல் நுகர்வோர் மன்றத்துக்குப் போன வழக்கு, இந்த உரிமைபற்றித்தான். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் மில்லுக்குச் சாதகமாக 2010 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னார்கள். பதினைந்து வருஷம்! 2003 மார்ச் 15-க்குப் பிறகு வியாபாரத்துக்காக வாங்கும் சேவைக்கு நுகர்வோர் மன்றம் போக முடியாது. சொந்தப் பிழைப்புக்காகத் தானே கடை நடத்தும் சிறு வியாபாரிக்கு மட்டும் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

பலர் கவனிக்காத ஒன்று ஜி.எஸ்.டி. திருடு போன, தொலைந்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். எனவே பாலிசித் தொகையைப் பில்லின் வரியும் சேர்த்து நிர்ணயிக்க வேண்டும். வெளி மாநிலச் சரக்கு 50,000 ரூபாயையும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்தையும் தாண்டினால் இ-வே பில் உண்டு. வண்டி மாறும்போது அதில் வண்டி எண்ணும் மாற வேண்டும் என்பதால், சரக்கு எங்கே கை மாறியது என்று பார்க்க அதுவே ஒரு தடயம்.

எங்கள் தெருவில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து இப்போது ஒரே வண்டி பிடிக்கிறோம். வாடகையைப் பங்கிட்டுக்கொள்கிறோம். வாரம் ஒரு கடைப் பையன் வண்டியோடு போய், ஏற்றும்போது எண்ணி, இறக்கும்போது வண்டியை விட்டு நகராமல் நிற்கிறான். தராசை வாசலிலேயே வைத்திருக்கிறோம். டிரைவருக்கும் இதில் நிம்மதிதான். போன மாதம் ஒரு சிப்பம் அரிசி குறைந்தபோது, ஏற்றின இடத்திலேயே குறைவு என்று பையன் கையில் இருந்த சீட்டைக் காட்டியவர் அவர்தான்.