கிளீசன் 6 என்று வந்தால்: புராஸ்டேட் புற்றுநோயில் பொறுமைக்கும் இடமுண்டு

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில், புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. கொஞ்சம் கூடுதலாக வருகிறது. யூராலஜிஸ்ட் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுக்கிறார், அதன் பிறகு பயாப்சி. கைக்கு வரும் ரிப்போர்ட்டில் 'அடினோகார்சினோமா, கிளீசன் 3+3=6, எடுத்த 12 துண்டுகளில் 2-ல் மட்டும்' என்று இருக்கிறது. வீட்டில் எல்லார் கண்ணிலும் படுவது முதல் சொல் மட்டும்தான். "எதுக்குப்பா ரிஸ்க்? எடுத்துடலாம். இந்த மாசமே டேட் வாங்கிடறேன்" என்கிறார் மகன். பாசத்தில் வரும் அவசரம்தான். ஆனால் ரிப்போர்ட்டின் மிச்ச வரிகளைப் படித்தால் அந்த அவசரத்துக்கு அங்கே வேலையில்லை.

பத்துக்கு ஆறு என்றால் பாதிக்கிணற்றைத் தாண்டிவிட்ட நோய் என்று தோன்றும். அப்படியில்லை. அமெரிக்க நோயியல் மருத்துவர் டொனால்ட் கிளீசன் 1960-களில் வகுத்த முறை இது. மைக்ராஸ்கோப்பில் திசு எவ்வளவு தாறுமாறாகத் தெரிகிறது என்பதை வைத்து 1 முதல் 5 வரை எண் போட்டு, முதன்மையான இரண்டு வடிவங்களின் எண்களைக் கூட்டுவார்கள். இப்போது பயாப்சியில் 1, 2 என்று எவரும் போடுவதில்லை. ஆக, நடைமுறையில் 6-தான் அடிமட்டம். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 2014-க்குப் பிறகு அதே ரிப்போர்ட்டில் 'கிரேடு குரூப் 1' என்றும் எழுதுகிறார்கள்.

கிளீசன் 6, பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழே, ஆசனவாய் வழியாகச் செய்யும் விரல் பரிசோதனையில் கட்டி தட்டுப்படவில்லை அல்லது ஒரு பக்கத்தின் பாதிக்குள் அடங்கியிருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் 'குறைந்த அபாயம்'. இந்த வகை பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. ராத்திரி நாலு முறை எழுந்து போவதற்குக் காரணம் அநேகமாகப் புராஸ்டேட்டின் சாதாரண வீக்கம். அதற்கு வைத்தியம் வேறு. 'கேன்சரை எடுத்தால் அதுவும் சரியாகிவிடும்' என்று ஒரே கணக்கில் சேர்ப்பது சரியல்ல.

எடுப்பதா, கதிர்வீச்சா, கண்காணிப்பா? இதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல சான்று பிரிட்டனில் நடந்த 'புரோடெக்ட்' ஆய்வு. ஆக்ஸ்ஃபோர்டின் ஃப்ரெடி ஹாம்டி, பிரிஸ்டலின் ஜென்னி டோனோவன் குழுவினர் 1999 முதல் 2009 வரை, 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 82,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்குப் பி.எஸ்.ஏ. பார்த்தார்கள். சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புற்றுநோய் இருந்தவர்களில் 1,643 பேர், எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவுசெய்யச் சம்மதித்தார்கள். தன் உடம்பை அப்படி ஒப்படைக்க எவ்வளவு மனத்திடம் வேண்டும்! அவர்கள் இல்லையென்றால் இன்றும் நாம் டாக்டரின் ஊகத்தைத்தான் நம்பியிருப்போம்.

2023-ல் வெளிவந்த 15 ஆண்டு முடிவு இது. புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள், கண்காணிப்புக் குழுவில் 3.1%, அறுவைக் குழுவில் 2.2%, கதிர்வீச்சுக் குழுவில் 2.9%. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. அதே காலத்தில் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் சுமார் 22%. அதாவது அவர்களில் பெரும்பாலோரை வேறு நோய்களே கொண்டுபோயின. ஆனாலும் கண்காணிப்பு இலவசமாகக் கிடைத்துவிடவில்லை. நோய் வேறிடத்துக்குப் பரவியது அந்தக் குழுவில் 9.4%, மற்ற இரண்டிலும் 5% அளவில். 15 ஆண்டுகளுக்குள் அவர்களில் பத்தில் ஆறு பேர் எப்படியும் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ போனார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் மூன்றில் ஒருவருக்கு நோய் 'குறைந்த அபாய'த்தைவிட மேலான வகை. அன்றைய கண்காணிப்பும் தளர்வானது. முக்கியமாகப் பி.எஸ்.ஏ.வைத்தான் நம்பினார்கள், எம்.ஆர்.ஐ. கிடையாது. இன்றைய முறைப்படி கிளீசன் 6-ஐக் கண்காணித்தால் நிலைமை இன்னும் சாதகமாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

உயிர் விஷயத்தில் மூன்று வழியும் ஏறக்குறைய ஒன்றென்றால், முடிவு எதை வைத்து? பக்கவிளைவை வைத்துத்தான். அதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. அப்பாவிடம் மகன் கேட்க மாட்டார், மனைவி முன்னால் டாக்டரும் விரிவாகப் பேசமாட்டார். புரோடெக்ட் ஆய்வில் அறுவை முடிந்து 6 மாதத்தில் 46% பேர் சிறுநீர்க் கசிவுக்குப் பேடு வைத்துக்கொண்டிருந்தார்கள். 6 ஆண்டு கழித்தும் 17% பேர். தும்மினால், பேரனைத் தூக்கினால், பேருந்திலிருந்து இறங்கினால் நனையும் என்பதுதான் இதன் பொருள். உடலுறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தவர்கள் தொடக்கத்தில் 67%. 6 மாதத்தில் அறுவைக் குழுவில் அது 12% ஆனது, கதிர்வீச்சில் 22%, கண்காணிப்பில் 52%. 6 ஆண்டில் கண்காணிப்புக் குழுவிலும் 30%-தான் மிஞ்சியது. வயதும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. கதிர்வீச்சில் சிறுநீர்த் தொல்லை குறைவு, மலக்குடல் தொல்லை கூடுதல்.

'ரோபோவில் செய்தால் இதெல்லாம் வராது' என்ற பேச்சையும் கேட்கிறோம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் திறந்த அறுவையையும் ரோபோ அறுவையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரோபோவில் ரத்த இழப்பு குறைவு. ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலோ பாலுறவுத் திறனிலோ வித்தியாசம் தெரியவில்லை. இயந்திரத்தைவிட, அதை இயக்கும் கைக்கு எத்தனை அறுவை அனுபவம் என்பதைக் கேட்டறிவது பயனுள்ள கேள்வி.

கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பது அல்ல. கனடாவின் டொராண்டோவில் லாரன்ஸ் க்ளாட்ஸ் 1990-களின் நடுவில் இதை முறையாகத் தொடங்கியபோது சக மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. இன்று பல நாடுகளின் வழிகாட்டு நெறிகள் குறைந்த அபாயக்காரர்களுக்கு முதலில் முன்வைப்பது இதைத்தான். பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., ஆண்டுக்கொரு விரல் பரிசோதனை, இடையிடையே எம்.ஆர்.ஐ., ஓராண்டு வாக்கில் மறு பயாப்சி, அதன்பின் சில ஆண்டுக்கு ஒன்று. கிளீசன் 7 ஆனால் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். பி.எஸ்.ஏ. லேசாக ஏறியது என்பதற்காக மட்டும் யாரும் கத்தியைத் தூக்கத் தேவையில்லை. தொற்றோ வீக்கமோகூட அதை ஏற்றும்.

ஆண்டுக்கணக்கில் தவறாமல் வருவேன் என்பவருக்குத்தான் இந்த வழி. 'நல்லாத்தானே இருக்கேன்' என்று இரண்டாம் வருடமே மருத்துவமனைப் பக்கம் போகாதவர் கண்காணிப்பில் இல்லை, கவனிப்பாரற்று இருக்கிறார். உள்ளே ஏதோ இருக்கிறது என்ற நினைப்பே தூக்கத்தைக் கெடுக்கும் என்றால் அதுவும் சிகிச்சைக்கு ஒரு நியாயமான காரணமே. நம்மூரில் காசு விஷயமும் குறுக்கே வரும். பல காப்பீட்டு பாலிசிகள் அட்மிட் ஆனால் பணம் தருகின்றன. வெளிநோயாளியாகப் போய் எடுக்கும் பி.எஸ்.ஏ.வுக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் கைக்காசுதான். அறுவை 'கேஷ்லெஸ்', காத்திருப்பது செலவு! இந்த விசித்திரம் முடிவைத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

கிளீசன் 6 என்றாலும் எல்லாருக்கும் கண்காணிப்பு பொருந்தாது. பி.ஆர்.சி.ஏ.2 மரபணு மாற்றம் இருப்பவர், குடும்பத்தில் இளவயதிலேயே இந்த நோயால் இறந்தவர்கள் உள்ளவர், சிறிய சுரப்பியிலிருந்து பெரிய பி.எஸ்.ஏ. வருபவர், எம்.ஆர்.ஐ.யில் பெரிய கட்டி தெரிந்தும் பயாப்சியில் 6 மட்டும் வந்தவர் ஆகியோரிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. கடைசி வகையினருக்கு ஊசி சரியான இடத்தில்தான் போனதா என்பதே கேள்வி. எதையும் தீர்மானிக்கும் முன் பயாப்சியின் ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கி இன்னொரு பெத்தாலஜிஸ்டிடம் காட்டலாம். கேட்டால் தர வேண்டியது ஆய்வகத்தின் கடமை. யூராலஜிஸ்டோடு கதிர்வீச்சு நிபுணர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள். கத்தி பிடிப்பவர் கத்தியையும் கதிர் பாய்ச்சுபவர் கதிரையும் நம்புவது இயல்பு.

வீக்கத்துக்கு டியூட்டாஸ்டரைடு அல்லது ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை இரு டாக்டரிடமும் மறக்காமல் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் அவை பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாக்கிவிடும். 4 என்று வரும் ரிப்போர்ட்டை ஏறக்குறைய 8 என்று படிக்க வேண்டியிருக்கும்.