கிளி வளர்க்க ஆசையா? பச்சைக்கிளி வேண்டாம்... வேறு வழி இருக்கிறது!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நாள்களில் வயல்களில் தகர டப்பா சத்தம் கேட்கும். கூட்டமாக வந்து கதிரைக் கொத்தும் பச்சைக்கிளிகளை விரட்டத்தான் அந்தச் சத்தம். வயலில் விரட்டப்படும் அதே கிளியை வீட்டுக் கூண்டில் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடப் பழக்குபவர்களும் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம் என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பது, விற்பது, வாங்குவது, வளர்ப்பது எல்லாமே தடை செய்யப்பட்டவை. கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள பச்சைக்கிளி, தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய கிளி இரண்டும் இதில் அடங்கும். மீறினால் 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

2024 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தின்போது, பக்கத்து மாவட்டமான கடலூரில் பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சானுக்குக் கிளி ஜோசியம் பார்த்தவரை வனத்துறையினர் பிடித்தனர். அவரிடம் இருந்த கிளிகளும் பறிமுதல் ஆயின. அதன் பிறகே பலரும் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

விற்பனைக்கு வரும் பச்சைக்கிளிக் குஞ்சுகள் பெரும்பாலும் மரப்பொந்துகளிலிருந்து எடுக்கப்பட்டவை. தாயைப் பிரிந்து, கூடையில் நெருக்கியடித்து வரும் குஞ்சுகளில் எல்லாமும் பிழைப்பதில்லை.

ஏற்கெனவே வீட்டில் கிளி இருந்தால்?

பயந்துபோய்க் கூண்டைத் திறந்து பறக்கவிட வேண்டாம். சிறகு வெட்டப்பட்ட கிளியால் பறக்க முடியாது. பூனைக்கோ நாய்க்கோ இரையாகிவிடும். கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது. மாவட்ட வன அலுவலகத்தில் ஒப்படைப்பதே சரியான வழி.

எதை வளர்க்கலாம்?

நம்மூர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜி. ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட குட்டிக் கிளி இது. அதே நாட்டின் காக்டெயிலும் முதன்முறையாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது. பட்ஜி 5 முதல் 10 ஆண்டுகள் வரையும், காக்டெயில் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். குழந்தை கேட்கிறதே என்று வாங்கும் முன், அத்தனை வருடமும் யார் பார்த்துக்கொள்வது என்று யோசியுங்கள்.

கொன்யூர், மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவற்றை வாங்குபவர்கள், 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் அதற்கான ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது கவனியுங்கள்

* கண் தெளிவாக, மூக்கு ஈரமின்றி, வால் அடிப்பகுதி சுத்தமாக இருக்க வேண்டும்.
* இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கும் பறவை வேண்டாம்.
* பட்ஜியில் அலகுக்கு மேலுள்ள சதைப்பகுதி பெரும்பாலும் ஆணுக்கு நீலமாகவும், பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும்.
* வீட்டில் வேறு பறவைகள் இருந்தால், புதியதை ஒரு மாதம் தனியாக வைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

சாப்பாடும் கூண்டும்

தினை மட்டுமே போட்டால் போதாது. கொத்தமல்லி, முருங்கைக்கீரை, துருவிய கேரட் என மாற்றி மாற்றிக் கொடுங்கள். கால்சியத்துக்குக் கணவாய் ஓட்டைக் கூண்டில் மாட்டிவிடலாம். சாக்லேட், காபி, அவகாடோ மூன்றும் கிளிகளுக்கு விஷம். உப்பு போட்ட மிக்ஸர், சிப்ஸும் வேண்டாம்.

கூண்டு உயரத்தைவிட அகலமாக இருந்தால்தான் பறவை சிறகடிக்க முடியும். பிளாஸ்டிக் குச்சிக்குப் பதில் வேம்பு, கொய்யாக் கிளைகளை வையுங்கள். சமையலறையில் கூண்டு வைக்கவே கூடாது. நான்-ஸ்டிக் பாத்திரம் அதிகமாகச் சூடாகும்போது வரும் புகை நொடியில் பறவையின் உயிரைப் பறித்துவிடும். வெளியே பறக்கவிடும் முன் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

வெயில் கவனம்

கோடையில் தகரக் கூரை, சிமென்ட் ஷீட் வீடுகளின் அனல் பறவைகளுக்குத் தாங்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் உடனே நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். குளிக்க அகலமான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள்.

கிளிகள் நோயை மறைத்துக்கொள்ளும். சோர்வு வெளியே தெரியும்போதே நோய் முற்றியிருக்கலாம். ஒரு நாள் சாப்பிடாவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள். காய்ந்த எச்சத்தின் தூசி மூலம் மனிதர்களுக்கும் நுரையீரல் தொற்று வரலாம். அதனால் கூண்டை ஈரத்துணியால் துடைத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பச்சைக்கிளிதான் பிடிக்கும் என்பவர்கள், மாடியில் ஒரு கிண்ணம் தண்ணீரும் கொஞ்சம் தானியமும் வைத்துப் பாருங்கள். கொல்லையில் ஒரு கொய்யா மரம் இருந்தால் இன்னும் நல்லது. பழுத்ததும் கிளிகள் தானாகவே வந்துவிடும்.