பொதுத் திடலில் கோல்ப்

ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் பகுதிகளில் வாழும் தமிழ் அன்பர்களுக்குப் பெங்களூர் கோல்ப் கிளப் புதிய பெயரன்று. ஆங்கிலேயர் காலத்தில், 1876-ஆம் ஆண்டில், தோன்றிய சங்கம் அது. அதன் பசும்புல் வெளியைக் கடந்து செல்லும்போது, “சீமான்களின் விளையாட்டு, நமக்கென்ன?” என்று எண்ணியிருப்பீர்கள். அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்று சிறிது ஆராய்வோம்.

ஆட்டம் எளியது. தரையிலுள்ள சிறு பந்தைக் கோலால் அடித்து, 4¼ அங்குல அகலமுள்ள குழியில் இயன்றவரை குறைந்த அடிகளில் வீழ்த்தவேண்டும். இவ்வாறு 18 குழிகள். ஓடவேண்டியதில்லை, ஏறத்தாழ 4 மணி நேரம் நடந்தால் போதும். ஆகவே முதியோரும் ஆடலாம். திறமை குறைந்தவருக்குச் சில அடிகளைக் கழித்துக் கொடுக்கும் ‘ஹாண்டிகாப்’ முறையால், தேர்ந்த தந்தையும் புதிதாய்க் கற்கும் மகளும் சமமாகப் போட்டியிடலாம்.

அப்படியாயின் செலவு எங்கிருந்து வருகிறது? கோல்கள் 14 வரை வைத்துக்கொள்ள விதி இடந்தருகிறது. ஆனால் தொடங்குவோர்க்குப் பழைய கோல்கள் ஐந்தாறு போதும். நிலமே பெருஞ்செலவு. முழுத் திடலுக்கு நூறு ஏக்கருக்கு மேலும் வேண்டும்; புல்லுக்கு நீரும் ஓயாத பராமரிப்பும் வேண்டும். அச்சுமையை உறுப்பினர் சிலரே தாங்கும் சங்கத்தில் நுழைவுக் கட்டணம் மலைபோல் உயர்கிறது. நிலம் பொதுவாயின், அன்றன்றைக்குக் கட்டணம் செலுத்தி எவரும் ஆடலாம்.

ஸ்காட்லாந்து தேசத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் புகழ்பெற்ற பழைய திடல் இன்றும் பொதுநிலமே. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்தை நிறுத்தி, ஊரார் உலவ விடுவது அங்கே வழக்கம். நம் நாட்டிலும் தில்லி வளர்ச்சி ஆணையம், குதுப் மினாருக்கு அருகே லாடோ சராயில், 2000-ஆம் ஆண்டில் பொதுத் திடலைத் திறந்தது.

பெங்களூரில் எளியவர்க்குக் கிட்டிய வாயில் வேறு. ஆடுவோரின் கோற்பையைச் சுமந்து செல்லும் பணியே அது. அப்பணியிலிருந்து உயர்ந்த பெங்களூர் வீரர் சி. முனியப்பா, 2009-ஆம் ஆண்டில் இந்தியன் ஓபன் போட்டியை வென்றார். அவர் வெற்றி நமக்குப் பெருமை தருகிறது. ஆயினும், ஆடும் ஆற்றலிருந்தும் பை சுமப்பதோடு நின்றுவிட்ட இளைஞர் எத்தனை பேரோ!

நகரங்களில் பூங்காவுக்கும் கிரிக்கெட் மைதானத்துக்கும் இடம் ஒதுக்குவோர், 9 குழிகள் கொண்ட சிறு பொதுத் திடலையும் கருதலாம். நீர்த்தட்டுப்பாடு மிகுந்த பெங்களூரில் அதற்குக் குடிநீரைச் செலவிடலாகாது. சுத்திகரித்த கழிவுநீரே போதும். அவ்வாறு அமையுமாயின், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளையும் ஆட்டக்காரராகவே திடலில் கால் வைக்கலாம்.