சிவப்பு பாண்டா ஏன் கைகளைத் தூக்குகிறது?



நம் வீட்டுப் பிள்ளைகளில் சிவப்பு பாண்டாவைத் தெரியாதவர்கள் குறைவு. 'குங்ஃபூ பாண்டா' படத்தில் குருவாக வரும் ஷிஃபூ ஒரு சிவப்பு பாண்டா. 2022-இல் வந்த 'டர்னிங் ரெட்' படத்தில், மனம் கொந்தளிக்கும்போதெல்லாம் ஒரு சிறுமி மாறிவிடுவதும் சிவப்பு பாண்டாவாகத்தான். இவை போதாதென்று கைபேசியில் அடிக்கடி ஒரு வீடியோவும் வருகிறது. ஒரு சிவப்பு பாண்டா பின்கால்களில் எழுந்து, முன்கால்கள் இரண்டையும் மேலே தூக்கி நிற்கும். "கட்டிப்பிடிக்கக் கூப்பிடுகிறது" என்று கீழே எழுதியிருப்பார்கள். நாமும் பார்த்துச் சிரித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறோம்.

உண்மையில் அது பயந்து நிற்கிறது. எதிரில் ஏதோ ஆபத்து இருப்பதாக நினைத்து, தன் சிறிய உடலைப் பெரிதாகக் காட்டப் பார்க்கிறது. எதிரி இன்னும் நெருங்கினால் முன்கால் நகங்களால் அடிக்கத் தயாராக இருக்கிறது.

நர்ஸ் வேலை செய்யும் எங்களுக்கு இது புதிதல்ல. வலியால் துடித்துக்கொண்டே "பரவாயில்லை சிஸ்டர்" என்று சிரிக்கிற நோயாளிகளைத் தினமும் பார்க்கிறோம். அதனால்தான் முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே என்று முதல் வருடத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு தூங்குகிறார், எங்கே யாரோடு வாழ்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் உண்மை நிலை புரியும். சிவப்பு பாண்டாவையும் இந்த முறை அப்படியே பார்ப்போம்.

எங்கே வாழ்கிறது?

நேபாளம், பூட்டான், வடகிழக்கு இந்தியா, மியான்மரின் வடபகுதி, சீனாவின் தென்மேற்கு மலைகள் ஆகியவையே இதன் வீடு. இந்தியாவில் மேற்கு வங்காளத்தின் டார்ஜிலிங் மலைகள், சிக்கிம், அருணாசலப் பிரதேசம் ஆகிய இடங்களில் வாழ்கிறது. சிக்கிமின் மாநில விலங்கும் இதுவே. ஊட்டியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரம். இலங்கையின் பிதுருதலாகல 2,524 மீட்டர். சிவப்பு பாண்டாவுக்குப் பிடித்த காடுகள் பெரும்பாலும் அதே அளவிலும் அதற்கு மேலும் இருக்கின்றன. மேகம் மூடிய, பாசி படர்ந்த, அடியில் மூங்கில் அடர்ந்த குளிர்ந்த காடுகள் அவை. வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் இந்த விலங்குக்குத் தாங்காது.

பெயரில் பாண்டா இருந்தாலும், கறுப்பு வெள்ளை நிறத்தில் நாம் பார்க்கும் பெரிய பாண்டாவுக்கு இது நெருங்கிய உறவல்ல. அது கரடி இனம். சிவப்பு பாண்டாவோ தனிக் குடும்பம். ரக்கூன், நீர்நாய், ஸ்கங்க் போன்றவைதான் இதற்குக் கொஞ்சம் கிட்டத்து உறவு. எடை 3 முதல் 6 கிலோ வரைதான், நம் வீட்டுப் பூனையைவிடச் சற்றுப் பெரியது. செம்பழுப்பு முதுகு, கறுத்த வயிறு, வளையம் வளையமாக நீண்ட வால். அந்த மலைகளின் மரக்கிளைகளில் செந்நிறப் பாசியும் வெள்ளைப் படர்பாசியும் நிறைந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் முதுகு அந்தப் பாசியோடு கலந்துவிடும். கீழிருந்து பார்த்தால் கறுத்த வயிறு நிழலோடு கலந்துவிடும். பனிச்சிறுத்தை போன்ற எதிரிகளுக்கு இதைக் கண்டுபிடிப்பது சுலபமல்ல.

மூங்கில் கணக்கு

இதன் பழக்கங்கள் எல்லாவற்றுக்கும் காரணம் உணவு. மாமிசம் தின்னும் விலங்குகளுக்குரிய குட்டையான குடலை வைத்துக்கொண்டு இது மூங்கில் இலையைத் தின்கிறது. மாட்டுக்கு இருப்பது போன்ற இரைப்பை இதற்குக் கிடையாது. ஆகவே தின்ற இலையில் பெரும்பகுதி செரிக்காமல் சில மணி நேரத்திலேயே வெளியே போய்விடுகிறது. பற்றாக்குறையை ஈடுகட்ட ஒரு நாளில் ஏறக்குறைய ஒன்றரை கிலோ இலை தின்ன வேண்டியிருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் இதே கணக்கில் சாப்பிட வேண்டுமானால் தினமும் 15 கிலோவுக்கு மேல் கீரை சாப்பிட வேண்டும்! இலையைப் பிடித்துத் தின்பதற்காக மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு ஆறாவது விரல்போல அமைந்திருக்கிறது. மூங்கில் போக, பருவத்துக்கு ஏற்றபடி இளங்குருத்து, காட்டுப் பழங்கள், காளான், சில நேரம் பறவை முட்டையும் உண்ணும்.

வரவு குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவதுபோல, சிவப்பு பாண்டாவும் சக்தியைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. தின்னாத நேரத்தில் மரக்கிளையில் தூங்குகிறது. குளிர் அதிகமானால் சுருண்டு படுத்து, வாலைப் போர்வையாக முகத்தின்மேல் போட்டுக்கொள்கிறது. வெயில் வந்தால் கிளையில் நீட்டிப் படுத்துக் கால்களைத் தொங்கவிடுகிறது. உள்ளங்காலிலும் மயிர் இருப்பதால் பாதம் குளிர்வதில்லை, ஈரக் கிளையில் வழுக்குவதும் இல்லை. கணுக்காலைத் திருப்பிக்கொண்டு மரத்திலிருந்து தலைகீழாக இறங்கவும் இதனால் முடியும். பெரும்பாலும் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் நடமாடும். தனியாகவே வாழும்.

இவ்வளவு இறுக்கமான கணக்கில் வாழும் ஒரு உயிருக்கு, நமக்குச் சின்னதாகத் தெரியும் தொந்தரவும் பெரிய செலவுதான். ஒரு நாய் துரத்தினாலோ, மாடுகள் மூங்கிலை மேய்ந்துவிட்டாலோ, விறகுக்காகப் பழைய மரங்களை வெட்டிவிட்டாலோ அந்தக் கணக்கு உடைந்துபோகிறது. இன்னொன்றும் உண்டு. மலை மூங்கில் இனங்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே சமயத்தில் பூத்து, கூட்டமாகப் பட்டுப்போகும். முற்காலத்தில் பாண்டா பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். இடையில் சாலையும் ஊரும் வந்துவிட்டால் எங்கே போகும்?

இரண்டு குட்டிகள்

ஜனவரி முதல் மார்ச் வரை இணை சேரும். ஜூன், ஜூலை மாதங்களில் குட்டி பிறக்கும். பெரும்பாலும் இரண்டு குட்டிகள்தான். பிறக்கும்போது ஒவ்வொன்றும் 110 முதல் 130 கிராம் எடை இருக்கும். கண் மூடியிருக்கும். குறைமாதக் குழந்தைகளைக் கவனிக்கும் எங்களுக்கு இந்த எடையை நினைத்தாலே மனம் பதறுகிறது!

தாய் மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ இலைகளையும் சுள்ளிகளையும் பரப்பிக் கூடு அமைக்கிறது. முதல் சில நாட்கள் குட்டிகளைவிட்டு அதிகம் நகர்வதில்லை. அதன்பின் இரை தேடப் போனாலும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பி வந்து பால் கொடுத்து, நக்கிச் சுத்தம் செய்கிறது. ஏறக்குறைய 18 நாளில் குட்டிகள் கண் திறக்கின்றன. மூன்று மாதம்வரை கூட்டைவிட்டு வெளியே வருவதில்லை. அதற்குள் யாராவது தொந்தரவு செய்தால் தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு கூட்டுக்கு மாற்றும். தொந்தரவு தொடர்ந்தால் இந்த இடமாற்றமும் தொடரும். அதில் பாலும் சூடும் கிடைக்காமல் குட்டிகள் இறந்துபோவதுண்டு. வருடத்துக்கு ஒரே ஈற்று, அதிலும் இரண்டே குட்டிகள். எனவே ஒரு குட்டி போனாலும் அது சிறிய நஷ்டமல்ல.

லண்டனுக்கு வந்த நோயாளி

இந்த விலங்கின் கதையில் நம் லண்டனுக்கும் பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி தாமஸ் ஹார்ட்விக், 1821-ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனிலுள்ள லின்னேயன் சங்கத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தார். அது அச்சாக 1827 ஆகிவிட்டது. அதற்குள் 1825-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபிரெடெரிக் குவியே 'ஐலூரஸ் ஃபுல்ஜென்ஸ்' என்று அறிவியல் பெயர் வைத்துவிட்டார். ஃபுல்ஜென்ஸ் என்றால் ஒளிர்வது என்று பொருள். அந்தச் சங்கம் இன்றைக்கும் பிக்காடிலியில் இயங்குகிறது. ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் ரயில் ஏறி, வெஸ்ட் ஹாமில் ஜூபிலிக்கு மாறினால் கிரீன் பார்க்கில் இறங்கி நடந்து போய்விடலாம்.

1869 மே மாதம் முதல் உயிருள்ள சிவப்பு பாண்டா லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு வந்தது. மூன்று புறப்பட்டன, கடல் பயணத்தில் ஒன்றுதான் பிழைத்தது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ஏபிரகாம் பார்ட்லெட் எழுதிவைத்த குறிப்புகளை எங்களைப் போன்றவர்கள் படித்தால், ஒரு வார்டு கேஸ் ஷீட்டைப் படிப்பதுபோல இருக்கும். நிற்க முடியாத பலவீனம், கடுமையான வயிற்றுப்போக்கு. கோழி இறைச்சியும் முயல் இறைச்சியும் வைத்துப் பார்த்தார், தொடவில்லை. கூவைக்கிழங்கு மாவு, முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, காய்ச்சிய பால் ஆகியவற்றைக் கலந்து கொடுத்தார். சில நாளில் தேறியது. பிறகு தோட்டத்தில் விட்டபோது ரோஜாச் செடிகளை நோக்கி ஓடி, இளந்தளிர்களை ஆசையாகத் தின்றது. பச்சைக் காய்களைத் தின்றது. பழக்கொத்தைப் பாதத்தில் இறுகப் பிடித்துக்கொண்டது. தனக்கு என்ன வேண்டும் என்பதை அதுவே காட்டிவிட்டது. ஆனாலும் அந்த ஆண்டு டிசம்பரில் இறந்துபோனது.

பார்ட்லெட் அன்பில் குறை வைக்கவில்லை. மூங்கிலும் குளிர்ந்த மலையும் இதன் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம் என்கிற அறிவுதான் அன்று லண்டனில் இல்லை.

நாய்க்கு ஊசி, பாண்டாவுக்குப் பாதுகாப்பு

இன்று அந்த அறிவு நமக்கு இருக்கிறது. ஆனால் காட்டில் எஞ்சியிருப்பவை 10,000-க்கும் குறைவு என்று கணக்கிடுகிறார்கள். 2015-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் அபாயத்தில் உள்ள இனமாக மதிப்பிட்டது. மூன்று தலைமுறைக் காலத்தில், அதாவது சுமார் 18 ஆண்டுகளில், எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருக்கும் என்பதும் அந்த மதிப்பீட்டில் உண்டு. காடு துண்டாவதும், தோலுக்காக வேட்டையாடுவதும் காரணங்கள். வேறு மிருகங்களுக்கு வைத்த கண்ணியிலும் இவை சிக்கிவிடுகின்றன.

நாங்கள் குறிப்பாகச் சொல்ல விரும்புவது டிஸ்டெம்பர் என்னும் நாய் நோயைப் பற்றி. தட்டம்மை என்றும் சின்னமுத்து என்றும் நாம் சொல்லும் நோயின் வைரஸுக்கு இது நெருங்கிய உறவு. மேய்ப்பர்களின் நாய்களும் தெருநாய்களும் காட்டுக்குள் போகும்போது பாண்டாவுக்குத் தொற்றலாம். தொற்றினால் பிழைப்பது அரிது. நாய்களுக்குப் போடும் உயிருள்ள தடுப்பூசியைப் போட்டதாலேயே மிருகக்காட்சிசாலைகளில் சிவப்பு பாண்டாக்கள் அந்த நோய் வந்து இறந்திருக்கின்றன. ஆகவே நாய்களுக்கு ஊசி போடுவதே காட்டுப் பாண்டாவுக்குப் பாதுகாப்பு. கிழக்கு நேபாளத்தில் இதற்கென்றே முகாம்கள் நடத்துகிறார்கள். நர்ஸுகள் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது தங்களுக்காக மட்டுமல்ல, பலவீனமான நோயாளிகளுக்காகவும்தான். இதுவும் அதே முறைதான்.

நம்பிக்கை தரும் வேலைகள் இன்னும் நடக்கின்றன. டார்ஜிலிங்கிலுள்ள பத்மஜா நாயுடு இமாலய உயிரியல் பூங்கா 1958-இல் தொடங்கப்பட்டது. சரோஜினி நாயுடுவின் மகளும் மேற்கு வங்காளத்தின் ஆளுநராக இருந்தவருமான பத்மஜா நாயுடுவின் பெயரைப் பின்னர் வைத்தார்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து அங்கே சிவப்பு பாண்டாக்களைப் பெருக்கி வருகிறார்கள். 2003-இல் ஸ்வீட்டி, மினி என்ற இரண்டு பெண் பாண்டாக்களைச் சிங்கலீலா தேசியப் பூங்காவில் விட்டார்கள். மினியை ஒரு வேட்டை விலங்கு கொன்றுவிட்டது. ஸ்வீட்டி காட்டிலேயே குட்டி ஈன்றது. பூங்காவில் பிறந்தது காட்டிலும் பிழைக்கும் என்பதற்கு அது சாட்சி. எல்லைக்கு அப்பால் நேபாளத்தில், ரெட் பாண்டா நெட்வொர்க் என்ற அமைப்பு கிராமத்து மக்களையே வனக் காவலர்களாகப் பயிற்றுவித்திருக்கிறது. அவர்கள் தங்கள் ஊர்க் காட்டில் நடந்து, எச்சத்தையும் தடத்தையும் குறித்துக்கொள்கிறார்கள், கண்ணிகளை அகற்றுகிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகச் சிவப்பு பாண்டா தினம். அந்த வாரத்து வாலிபர் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, இங்கே படித்ததை நீங்களே ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு வளைய வாலும் ஆறாவது விரலும் நிச்சயம் பிடிக்கும். வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் அதன் தடுப்பூசித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டன் தெருக்களில் சிவப்பு பாண்டா இல்லை, ஆனால் நரி இருக்கிறது, அதற்கும் டிஸ்டெம்பர் தொற்றும். காட்டு விலங்குகளைச் செல்லப்பிராணியாக வைத்து எடுத்த வீடியோக்களுக்கு லைக் போடாதீர்கள். பார்ப்பவர்கள் கூடக் கூட, அவற்றைப் பிடித்து விற்பவர்களும் கூடுவார்கள்.

கைதூக்கி நிற்கும் அந்த வீடியோ மறுபடியும் வந்தால், அனுப்பியவர்களுக்கு அன்பாகப் பதில் எழுதுங்கள்: "அண்ணா, அக்கா, அது கட்டிப்பிடிக்கக் கூப்பிடவில்லை. பயந்துபோய்த் தள்ளிப் போகச் சொல்கிறது."