மெலிந்த இளம் நாயின் எடையைக் கூட்டுதல்

மெலிந்த இளம் நாயின் எடையைக் கூட்டுதல் என்பது, வயதுக்கும் இனத்துக்கும் ஏற்ற சதைப்பற்று இல்லாமலும் உணவில் நாட்டமின்றியும் இருக்கும் நாயை, கொழுக்க வைக்காமல் உரிய உடல்நிலைக்குக் கொண்டுவரும் பராமரிப்பு முறையாகும். நான்கு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள நாய்களை வளர்ப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல் இது. இதில் மூன்று கேள்விகளுக்கு வரிசையாக விடை காண வேண்டும். நாய் உண்மையிலேயே மெலிந்துள்ளதா? மெலிவுக்கு நோய் காரணமா? நோய் இல்லையெனில் உணவிலோ உணவூட்டும் முறையிலோ என்ன குறை? இந்த வரிசை மாறினால், நோயுற்ற நாய்க்கு நெய்யும் முட்டையும் கொடுத்து நாள் கடத்துவதும், நலமாக உள்ள நாயை வற்புறுத்தி உண்ண வைப்பதும் நேரும்.

மெலிவா, இயல்பான உடல்வாகா?

நாயின் எடையை மட்டும் கொண்டு மெலிவை முடிவு செய்ய இயலாது. கால்நடை மருத்துவர்கள் இதற்கு 1 முதல் 9 வரையுள்ள உடல்நிலை மதிப்பெண் முறையைப் பயன்படுத்துகின்றனர். 1 என்பது எலும்பும் தோலுமான நிலை. 9 என்பது மிகுந்த உடற்பருமன். 4 அல்லது 5 மதிப்பெண் உள்ள நாய் சரியான நிலையில் இருப்பதாகக் கொள்ளப்படும்.

வீட்டிலேயே எளிதாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. கையை மேசைமேல் தட்டையாக வைத்து, மறுகை விரல்களால் புறங்கையைத் தடவிப் பார்க்க வேண்டும். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்புகள் தட்டுப்படும். நாயின் விலாவைத் தடவும்போதும் இப்படியே இருந்தால் எடை சரியாக உள்ளது. இறுக மூடிய கையின் விரல் முட்டிகளைத் தடவுவது போலத் துருத்திக்கொண்டிருந்தால் நாய் மெலிந்துள்ளது. உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்தால் எடை மிகுதி. மேலிருந்து பார்க்கும்போது விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்றே குறுகியும், பக்கவாட்டில் பார்க்கும்போது வயிறு மேலேறியும் இருப்பது நல்ல அடையாளம். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் தொலைவிலிருந்தே தெரிவதும், தொடைச் சதை வற்றியிருப்பதும் மெலிவின் அடையாளங்கள்.

இனத்தின் இயல்பையும் கருத்தில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களைச் சேர்ந்த சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை முயல் போன்றவற்றைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிக்கும் வேட்டை நாய்கள். இவற்றின் உடல் ஒடுங்கியும் வயிறு ஒட்டியும் இருக்கும். நல்ல உடல்நலத்துடன் இருக்கும்போதே சில விலா எலும்புகள் வெளியே தெரியலாம். இத்தகைய நாயை லாப்ரடார் நாயுடன் ஒப்பிட்டு மெலிந்ததாகக் கருதுவது தவறு. மேலும், பெரிய இன நாய்கள் முதலில் உயரமாக வளர்ந்து, பிறகே மார்பு அகன்று சதை பிடிக்கும். அதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை ஆகலாம்.

மெலிவுக்கான நோய்க் காரணங்கள்

குடற்புழுக்கள்: இளம் நாய்களின் மெலிவுக்கு மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று இது. உருண்டைப்புழு இருக்கும் குட்டிக்கு உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருக்கும். கொக்கிப்புழு குடலில் இரத்தத்தை உறிஞ்சுவதால் இரத்தசோகை ஏற்பட்டு ஈறுகள் வெளுக்கும். குட்டிகளுக்கு இரண்டு வார வயது முதல் எட்டு வார வயது வரை இரு வாரங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் குடற்புழு நீக்க மருந்து கொடுப்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. எல்லா மருந்தும் எல்லாப் புழுவையும் அழிப்பதில்லை. எனவே மலப் பரிசோதனை செய்து, நாயின் எடைக்கேற்ப மருத்துவர் கூறும் அளவில் கொடுப்பதே சரி.

உண்ணிக் காய்ச்சல்: உண்ணிகள் பரப்பும் எர்லிச்சியா, பபேசியா ஆகிய கிருமிகள் காய்ச்சல், பசியின்மை, சோர்வு, இரத்தசோகை, எடை இழப்பு ஆகியவற்றை உண்டாக்கும். நேற்றுவரை நன்றாக உண்ட நாய் திடீரென்று உணவை மறுத்தால், காது மடல்களிலும் விரல் இடுக்குகளிலும் உண்ணி உள்ளதா என்று பார்க்க வேண்டும். உண்ணி கண்ணில் படாவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. இரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

கணையச் சுரப்புக் குறைபாடு: கணையம் போதிய செரிமான நொதிகளைச் சுரக்காவிட்டால், நாய் மிகுந்த பசியுடன் உண்டும் மெலிந்துகொண்டே போகும். மலம் வெளிறியும் எண்ணெய்ப் பசையுடனும் மிகுதியாகவும் வெளியேறும். ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. உணவுடன் நொதிகளைச் சேர்த்துக் கொடுப்பதன் மூலம் இதைக் கட்டுப்படுத்தலாம்.

பல் முளைத்தல்: ஏறத்தாழ நான்கு மாதம் முதல் ஏழு மாதத்துக்குள் 28 பால் பற்கள் விழுந்து 42 நிலைப் பற்கள் முளைக்கின்றன. ஈறு வலியால் நாய் கடினமான உணவைச் சில நாட்கள் தவிர்க்கலாம். உணவை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுத்தால் போதும்.

நலமான நாய் உணவை மறுப்பது ஏன்?

நோய் இல்லை என்று உறுதியானபின் வீட்டாரின் பழக்கத்தைப் பார்க்க வேண்டும். குட்டிப் பருவத்தில் வளர்ச்சி வேகமாக இருப்பதால் ஒரு கிலோ உடல் எடைக்குத் தேவைப்படும் உணவு மிகுதி. வளர்ச்சி வேகம் குறையும்போது இந்தத் தேவையும் குறைகிறது. நாய் சற்று மிச்சம் வைக்கத் தொடங்குகிறது. இதைக் கண்டு கவலைப்படும் வீட்டார் தட்டில் கோழிக்கறியைச் சேர்க்கின்றனர். அதையும் மறுத்தால் ஈரல், அதற்கும் பிறகு பிஸ்கட் என்று மாற்றுகின்றனர். காத்திருந்தால் இதைவிடச் சுவையானது வரும் என்பதை நாய் விரைவில் கற்றுக்கொள்கிறது. பல வீடுகளில் உணவைத் தேர்ந்து உண்ணும் பழக்கம் இவ்வாறே உருவாகிறது.

நாள் முழுவதும் தட்டில் உணவு கிடப்பது, வீட்டில் ஆளுக்கு ஒரு தின்பண்டம் கொடுப்பது, உணவு வைக்கும் இடத்தில் இரைச்சல் அல்லது வேறு நாயின் அச்சுறுத்தல் இருப்பது, கோடை வெப்பம் ஆகியவையும் பசியைக் குறைக்கும். கோடையில் அதிகாலையிலும் இரவிலும் உணவு வைத்தால் நாய் கூடுதலாக உண்ணும்.

எவ்வளவு உணவு தேவை?

ஓய்வு நிலையில் நாய்க்குத் தேவையான ஆற்றலைக் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு. உடல் எடையைக் கிலோவில் எடுத்து, அதை அதே எண்ணால் இருமுறை பெருக்கி, வரும் எண்ணுக்கு இருமுறை வர்க்கமூலம் கண்டு, 70 ஆல் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 16 கிலோ எடையுள்ள நாய்க்கு 16 × 16 × 16 = 4096. அதன் வர்க்கமூலம் 64. மீண்டும் வர்க்கமூலம் 8. எனவே 8 × 70 = 560 கிலோ கலோரி. நான்கு மாதத்துக்கு மேற்பட்ட வளரும் நாய்க்கு இதன் இரு மடங்கும், வளர்ந்த நாய்க்கு ஏறத்தாழ 1.6 முதல் 1.8 மடங்கும் ஒரு நாளைக்குத் தேவைப்படும். அதாவது, 16 கிலோ எடையுள்ள வளர்ந்த இளம் நாய்க்குச் சுமார் 900 முதல் 1000 கிலோ கலோரி தேவை. இது தொடக்க அளவு மட்டுமே. ஓடியாடும் நாய்க்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம்.

எத்தகைய உணவு?

தமிழக வீடுகளில் நாய்க்குத் தயிர்ச்சோறும் பால்சோறும் கொடுக்கும் வழக்கம் பரவலானது. இதில் நாயின் வயிறு நிறைந்தாலும் தேவை நிறைவடைவதில்லை. 100 கிராம் சோற்றில் சுமார் 130 கிலோ கலோரியும் 2.7 கிராம் புரதமும் உள்ளன. 1000 கிலோ கலோரி பெற நாய் முக்கால் கிலோவுக்கு மேல் சோறு உண்ண வேண்டும். அப்படி உண்டாலும் கிடைக்கும் புரதம் சுமார் 21 கிராம். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கத்தின் அளவுகோலின்படி, வளரும் நாயின் உணவில் ஒவ்வொரு 1000 கிலோ கலோரிக்கும் குறைந்தது 56 கிராம் புரதம் இருக்க வேண்டும். சோற்றில் அதில் பாதிகூட இல்லை. சிறிதளவு தயிரோ பாலோ சேர்ப்பதால் இந்தக் குறை நீங்காது. சில நாய்களுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கும் உண்டாகும்.

இறைச்சியை மட்டும் கொடுப்பதும் தீர்வாகாது. எலும்பு நீக்கிய இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதையே நாள்தோறும் கொடுத்தால் வளரும் நாயின் எலும்புகள் வலுவிழந்து வளையவோ முறியவோ கூடும். அதே வேளையில், மருத்துவர் கூறாமல் கால்சியம் மருந்து கொடுப்பது பெரிய இனக் குட்டிகளின் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

வளரும் நாய்களுக்கான முழுச் சத்துணவு என்று குறிப்பிடப்பட்ட ஆயத்த உணவே எளிய வழி. 100 கிராமுக்கு 370 கிலோ கலோரி உள்ள உலர் உணவாயின், 270 கிராமில் 1000 கிலோ கலோரி கிடைத்துவிடும். வீட்டு உணவே கொடுக்க விரும்புவோர் கோழிக்கறி, முட்டை, சோறு, காய்கறி ஆகியவற்றுடன் சேர்க்க வேண்டிய தாதுச் சத்துகளின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். ஆயத்த உணவின்மேல் ஒரு அவித்த முட்டை சேர்ப்பது நல்லது. அதில் சுமார் 75 கிலோ கலோரியும் 6 கிராம் புரதமும் உள்ளன. தின்பண்டங்களும் மேலதிகச் சேர்ப்புகளும் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

உணவூட்டும் முறை

1. நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை, குறித்த நேரத்தில், அமைதியான ஒரே இடத்தில் உணவு வைக்க வேண்டும்.
2. உணவை அளந்து வைக்க வேண்டும். அப்போதுதான் நாய் எவ்வளவு உண்கிறது என்பது தெரியும்.
3. வெதுவெதுப்பான நீர் சேர்த்தால் மணம் கூடி நாயின் பசி தூண்டப்படும்.
4. 15 முதல் 20 நிமிடம் கழித்து, மிச்சத்தைக் கண்டிப்போ கெஞ்சலோ இன்றி எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளைவரை வேறெதுவும் கொடுக்கக் கூடாது. குடிநீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும்.
5. புதிய உணவுக்கு மாறும்போது, பழைய உணவுடன் சிறிது சிறிதாகக் கலந்து ஏழு நாட்களில் முழுமையாக மாற்ற வேண்டும்.
6. நாள்தோறும் நடையும் விளையாட்டும் தேவை. உண்டவுடன் ஓடவிடக் கூடாது. மார்பு ஆழமான இனங்களில் வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரே வேளையில் பேரளவு உணவு கொடுப்பதும் இந்த ஆபத்தைக் கூட்டும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும் மிகச் சிறிய இன நாய்களுக்கும் நான்காவது விதி பொருந்தாது. நீண்ட நேரம் உண்ணாவிட்டால் அவற்றின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். பல நாட்கள் பட்டினி கிடந்து மீட்கப்பட்ட நாய்க்கும் திடீரென்று மிகுதியான உணவு வைக்கக் கூடாது. அது இரத்தத்தில் பாஸ்பரஸ் போன்ற உப்புகளின் அளவைக் குலைத்து உயிருக்கே கேடாகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் சேர்த்த இனிப்புகள் ஆகியவை நாய்க்கு நச்சு. வெங்காயம் சேர்த்துச் சமைத்த குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பதும் இதில் அடங்கும். வேகவைத்த கோழி எலும்பு கூர்மையாகச் சிதறித் தொண்டையையோ குடலையோ குத்தலாம். எடை கூட வேண்டும் என்று நெய்யையும் பொரித்த உணவையும் மிகுதியாகக் கொடுத்தால் கணைய அழற்சி ஏற்படலாம். வாயைத் திறந்து உணவைத் திணித்தால் உணவின்மீதே வெறுப்பு உண்டாகும்.

எடையைக் கண்காணித்தல்

வாரம் ஒருமுறை, ஒரே எடைக்கருவியில், உணவுக்கு முன் எடை பார்க்க வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு நின்று, வரும் அளவிலிருந்து தம் எடையைக் கழித்தால் நாயின் எடை கிடைக்கும். இரண்டு வாரங்களில் மாற்றம் இல்லையெனில் உணவைப் பத்து விழுக்காடு கூட்டலாம். விலா எலும்பு புறங்கையைத் தடவுவது போன்ற நிலைக்கு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், தம் இணை நாய்களைவிட 25 விழுக்காடு குறைவாக உண்டு ஒல்லியாக இருந்த நாய்கள் ஏறத்தாழ 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. எனவே கொழுத்த நாயே நலமான நாய் என்ற எண்ணம் சரியன்று.

உடனே மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

குட்டி அரை நாளுக்கு மேலும், வளர்ந்த நாய் ஒரு நாளுக்கு மேலும் எதையும் உண்ணாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடர் வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, வெளுத்த ஈறு, காய்ச்சல், மூக்கில் இரத்தம் வடிதல், நன்றாக உண்டும் எடை குறைதல் ஆகியவை தோன்றினால் காத்திருக்கக் கூடாது. தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் இரத்தப்போக்கும் ஏற்பட்டால் அது பார்வோ நச்சுயிரித் தொற்றாக இருக்கலாம். அந்நிலையில் சில மணி நேரத் தாமதமும் உயிரிழப்புக்குக் காரணமாகலாம். மருத்துவரிடம் செல்லும்போது நாயின் புதிய மல மாதிரியையும், கடந்த வாரங்களின் எடைக் குறிப்பையும், நாள்தோறும் கொடுத்த உணவின் அளவையும் எடுத்துச் சென்றால் காரணத்தை விரைவில் கண்டறிய உதவும்.