அரை மணி நேரம் காபி கிடையாது!

"வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திரை. இதிலே என்ன பிரமாதம்?" என்றுதான் என் அத்தையும் சொன்னாள். விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மறுபடியும் போர்த்திப் படுத்துவிடுவாள். நாலாவது வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை; நெஞ்சுக்குள்ளே ஒரே எரிச்சல். வாயு என்று சுக்குக் கஷாயம் குடித்ததில் இன்னும் ஒரு வாரம் வீணாயிற்று.

எலும்பு மெலிந்துபோனவர்களுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் 'அலென்ட்ரோனேட்' மாத்திரை அது. 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இடுப்பெலும்பு முறியும் அபாயத்தைக் குறைக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பொல்லாத பிடிவாதக்கார மருந்து! வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீருடன் விழுங்க வேண்டும். அரை மணி நேரத்துக்குக் காபி கூடாது; குடித்தால் மருந்து உடம்பில் சேராது. (இதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். எலும்பு போனால் போகட்டும் என்பார்கள்!) படுக்கவும் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கும்போது வலித்தாலோ, புதிதாக நெஞ்செரிச்சல் வந்தாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரிடம் போங்கள். ரத்த வாந்தி, கறுத்த மலம் என்றால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு!

இன்னொன்று சற்று விசித்திரமானது. எலும்பைக் காக்க வந்த இதே மருந்து, பல வருஷம் சாப்பிட்டவர்களில் அபூர்வமாகச் சிலருக்குத் தொடை எலும்பிலேயே கீறலை உண்டாக்குகிறது. விழாமல், மோதாமல், நடந்துகொண்டிருக்கும்போதே முறிந்துவிடுவதும் உண்டு. பெரும்பாலும் அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ முன்பே தொடையிலோ தொடை இடுக்கிலோ மந்தமான வலி எடுக்கும். மூட்டு வலிதானே என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டிராமல் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தொடையையும் எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து வருஷம் ஆனதும், மருந்தைத் தொடர வேண்டுமா என்று டாக்டர் யோசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பல் பிடுங்கப் போகிறீர்களா? இந்த மருந்து சாப்பிடுவதைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிவது அபூர்வம்தான், ஆனாலும் நேர்ந்திருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு மருந்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அம்மா! முக்கியமாக, ஆறு மாதத்துக்கு ஒரு முறை 'டெனோசுமாப்' ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் தாமாகவே நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் முதுகெலும்பு பல இடங்களில் நொறுங்கக்கூடும். ஊசி போட்டபின் உதட்டைச் சுற்றி மதமதப்பு, கைகால் இழுப்பு இருந்தால், ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அடுத்த ஊசியின் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.