கழுத்தில் கட்டி: கத்தியா, கண்காணிப்பா?



குளிக்கும்போது கழுத்தின் முன்பக்கம் ஒரு உருண்டை கைக்குத் தட்டுப்படுகிறது. எச்சில் விழுங்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்குகிறது. அப்படியானால் அது பெரும்பாலும் தைராய்டு சுரப்பியில் உண்டான கட்டி. பெண்களுக்கே இது அதிகம். "வெளியில சொன்னா என்ன நினைப்பாங்களோ" என்று முந்தானையால் மூடிக்கொள்வதும் தவறு. "உடனே அறுத்து எடுத்துடுங்க" என்று டாக்டரை அவசரப்படுத்துவதும் தவறு.

இத்தகைய கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு புற்றுநோய் அல்ல. மீதி எது என்பதைத் தடவிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. முதலில் ரத்தத்தில் டி.எஸ்.எச். பரிசோதனை, அடுத்து கழுத்து ஸ்கேன். சுரப்பு அதிகமாக இருந்தால் வைத்தியமே வேறு. ஸ்கேனில் சந்தேகம் வந்தால், மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சிறிது உறிஞ்சி எடுத்துச் சோதிப்பார்கள். ஊசி குத்தினால் புற்று பரவும் என்பது வெறும் சந்தைப் பேச்சு. சில சமயம் முடிவு தெளிவாக வராது. மறுபடி எடுக்கச் சொன்னால், டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எண்ணாதீர்கள்.

புற்று இல்லை, தொந்தரவும் இல்லை என்றால் ஆபரேஷன் எதுக்கு? டாக்டர் குறித்துத் தரும் தேதியில் மறு ஸ்கேன் எடுத்து, பழைய அளவோடு ஒப்பிட்டால் போதும். "சும்மா இருக்கச் சொல்லிட்டாங்க" என்று சில கணவன்மார் சலித்துக்கொள்கிறார்கள். கண்காணிப்பும் வைத்தியந்தான். ஜப்பானில் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனையில், ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத, ஆபத்துக் குறைந்த புற்றுக் கட்டிகளையே 1993 முதல் இப்படிக் கண்காணித்து வருகிறார்கள். பத்து ஆண்டுகளில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் கட்டி வளர்ந்தது.

ஆனால் தேதி தவறக் கூடாது. சித்தேரி மலையிலிருந்து பஸ் பிடித்து வந்து போனால் ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மையே. அதற்காக "புளி உலுக்கி முடியட்டும்" என்று தள்ளிப்போட்டால் கண்காணிப்புக்கு அர்த்தமில்லை. பழைய ஸ்கேன் சீட்டை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். குரல் கம்மினாலோ, கட்டி மளமளவென்று வளர்ந்தாலோ, மூச்சும் விழுங்குவதும் சிரமப்பட்டாலோ தேதிக்குக் காத்திராமல் வந்துவிட வேண்டும்.

புற்று என்று தெரிந்தவர்களுக்கும், கட்டி பெருத்து மூச்சுக்குழாயை அழுத்துகிறவர்களுக்கும் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். பாதிச் சுரப்பியை எடுப்பார்களா, முழுவதுமா, குரலுக்கு என்ன ஆபத்து என்று கணவனும் மனைவியும் சேர்ந்தே கேளுங்கள். முழுவதும் எடுத்தால் ஆயுள் பூராவும் தினம் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை விழுங்க வேண்டும்.

அயோடின் உப்பு, அயோடின் குறைவால் வரும் கழலையைத் தடுக்கும்; வந்த கட்டியைக் கரைக்காது. பச்சிலைப் பற்றும் சூடு போடுவதும் கரைக்காது. புண்தான் மிச்சம்.

தைராக்சின் மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், "வயித்துல புள்ளை இருக்கு, மாத்திரை ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. தாயின் சுரப்பு குறைந்தால் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். உடனே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி ரத்தம் பாருங்கள். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.